அஞ்ச வேண்டியது யாரை?

பயமுறுத்தும் வீடியோ கேம்களில் மனநலக் காப்பகத்துக்கு நிரந்தர இடம் உண்டு. பாழடைந்த கட்டடம், மினுக்கி மினுக்கி அணையும் விளக்கு, இருட்டிலிருந்து பாய்ந்து வரும் நோயாளி என்று எல்லாம் தயாராக இருக்கும். கனடாவின் ரெட் பேரல்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட 'அவுட்லாஸ்ட்' இந்த வகையில் பெரும் வெற்றி பெற்றது. பத்திரிகையாளர் ஒருவர் கையில் வீடியோ கேமராவோடு கொலராடோ மலையில் இருக்கும் காப்பகம் ஒன்றுக்குள் நுழைகிறார். அவரால் சண்டை போட முடியாது. ஓடலாம், கட்டிலுக்கு அடியில் ஒளியலாம். துரத்துகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்களை அப்படி ஆக்கியது ஒரு பெருநிறுவனத்தின் சோதனைகள் என்று கதை சொல்கிறது. ஆனால், விளையாடுகிறவரின் நெஞ்சு படபடப்பது அந்த நிறுவனத்தை நினைத்து அல்ல; எதிரே நிற்கும் நோயாளியைப் பார்த்துத்தான்.

இந்த கேமை உருவாக்கியவர்களின் திறமையை யாரும் மறுக்க முடியாது. பயத்தை அவர்கள் யார் தலையில் சுமத்துகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்தான் மற்றவர்களின் வன்முறைக்கு அதிகம் ஆளாகிறார்கள். ஆய்வாளர்கள் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. அதைத் தலைகீழாக்கி, விளையாட்டுக்கு விளையாட்டு விற்பது நியாயமில்லை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்று காட்டியது ஒரு சின்ன இத்தாலிய கேம். ஃபுளோரன்ஸைச் சேர்ந்த எல்.கே.ஏ. என்ற சிறு குழு 2016-இல் வெளியிட்ட 'தி டவுன் ஆஃப் லைட்'. சில மணி நேரத்தில் விளையாடி முடித்துவிடலாம். துப்பாக்கி இல்லை, துரத்துகிறவர் இல்லை, பேயும் இல்லை. டஸ்கனி பகுதியின் வோல்டெர்ரா ஊரில் உண்மையாகவே இருந்த மனநலக் காப்பகத்தின் இடிபாடுகளுக்குள் ரெனே என்ற பெண் திரும்பி வருகிறாள். 1938-இல், பதினாறு வயதில், அங்கே அடைக்கப்பட்டவள். ரெனே கற்பனைப் பாத்திரம். அவளுக்கு நடப்பவை கற்பனை அல்ல.

விளையாடுகிறவர் செய்வதெல்லாம் நடப்பதும் பார்ப்பதும் படிப்பதும்தான். ஒரு கட்டத்தில் சார்லட் என்ற துணிப் பொம்மை கிடைக்கிறது. அதைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, பெயர்ந்து கிடக்கும் தரையில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சுவரெல்லாம் காரை உதிர்ந்திருக்கிறது. ரெனே பொம்மையோடு பேசிக்கொண்டே வருகிறாள். பிறகு அவளைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய கோப்பு கைக்கு வருகிறது. அதை ஏற்பதா, மறுப்பதா என்று விளையாடுகிறவர் பதில் சொல்ல வேண்டும். சொல்லும் பதிலைப் பொறுத்து கதையின் சில பகுதிகள் மாறுகின்றன. எது நடந்தது, எது நினைவின் மயக்கம் என்று ரெனேவுக்கே தெரியவில்லை. ஆனால், கோப்புக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த நிச்சயம்தான் இந்த கேமில் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது.

அந்த நிச்சயத்தைக் கொடுத்தது சட்டம். இத்தாலியின் 1904-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்றாலும் அடைக்கலாம். ஊரார் முகம் சுளிக்கும்படி நடந்துகொள்கிறார் என்றாலும் அடைக்கலாம். நோயும் நடத்தையும் ஒரே வாசல் வழியாக உள்ளே போயின. அந்தக் காலத்துச் சிகிச்சைகளும் கொடுமையானவை. மின்னதிர்ச்சி சிகிச்சை முதன்முதலில் மனிதர் ஒருவருக்குத் தரப்பட்டது 1938-இல், ரோம் நகரில். இன்று மயக்க மருந்து கொடுத்து, கடுமையான மனச்சோர்வுக்குப் பாதுகாப்பாக அளிக்கப்படும் சிகிச்சை அது. அன்று மயக்க மருந்து கிடையாது. மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் லோபோடமிக்கு வழிவகுத்த போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே கிடைத்தது. ரெனேவின் கதையும் அந்த அறுவை சிகிச்சையில்தான் போய் நிற்கிறது.

வோல்டெர்ராவில் அடைக்கப்பட்டவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பல, தபாலுக்கே போகவில்லை. அவை மருத்துவக் கோப்புகளுக்குள் செருகப்பட்டுக் கிடந்து, பல பத்தாண்டுகள் கழித்துப் புத்தகமாக வந்தன. அங்கே இருந்த ஃபெர்னாண்டோ நன்னெட்டி என்பவர், சீருடை மேலங்கியின் உலோகக் கொக்கியால் முற்றத்துச் சுவரில் கீறிக் கீறி, பல ஆண்டுகளாக எழுத்தும் படமுமாக நிரப்பினார். ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்கு நீண்டது அது. இப்படிப்பட்ட சுவர்களும் கடிதங்களும் இருக்கும்போது, திகிலுக்காகக் கத்தி பிடித்த நோயாளியைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் எந்தக் கதாசிரியருக்கும் இல்லை.

இத்தாலி அந்தக் கதவுகளைத் திறந்தது சட்டத்தால்தான். 1961-இல் கொரிட்சியா காப்பகத்தின் பொறுப்பேற்ற மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா, நோயாளிகளைக் கட்டிப்போடுவதற்கான பதிவேட்டில் கையெழுத்திட மறுத்தார். 1973-இல், அவர் பின்னர் பொறுப்பேற்ற திரியெஸ்தே காப்பகத்தில் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து செய்த பெரிய நீலக் குதிரையை ஊர்வலமாக வெளியே கொண்டுவந்தார்கள். 1978 மே மாதம் 180-ஆம் எண் சட்டம் வந்தது. காப்பகங்களில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று தொடங்கி, அவற்றைப் படிப்படியாக மூட வழி செய்தது. வோல்டெர்ராவும் மூடப்பட்டது.

'இதையெல்லாம் ஆவணப்படமாக எடுத்தால் போதாதா?' என்று கேட்கலாம். போதாது. படம் பார்க்கிறவர் ரெனேவுக்காக வருந்துவார். விளையாடுகிறவரோ ரெனேவாக நடக்கிறார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் காப்பகத்தின் கதவு திறக்காது என்று கையாலேயே தெரிந்துகொள்கிறார். கையாலாகாத நிலையை இவ்வளவு நேரடியாக உணர்த்தும் கலை வடிவம் வேறு இல்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் நிஞ்ஜா தியரி நிறுவனம் இன்னொரு வழியில் போனது. 2017-இல் வந்த 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' விளையாட்டின் நாயகி செனுவாவுக்குக் காதில் குரல்கள் கேட்கும். நிறுவனம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல மருத்துவர் பால் ஃபிளெட்சரை அணுகியது. குரல்கள் கேட்கும் அனுபவம் உள்ளவர்களையும் அழைத்துப் பேசியது. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் வெல்கம் டிரஸ்ட் உதவியது. ஹெட்போன் போட்டு விளையாடினால் குரல்கள் தலையைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேலி செய்கின்றன, அழவைக்கின்றன. சண்டையில் பின்னால் எதிரி வரும்போது எச்சரிக்கவும் செய்கின்றன. அந்தக் கடைசி விஷயம், கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றும். சுமார் இருபது பேர் உழைத்த இந்த கேம் 2018-இல் ஐந்து பாஃப்டா விருதுகளை வென்றது. ஆகவே, 'அக்கறையோடு செய்தால் எடுபடாது' என்ற சாக்கு இனிமேல் செல்லாது.

மனநோயைத் தொட்டுத் திகில் கேம் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாராளமாகச் செய்யட்டும். ஆனால், திரைக்கதை எழுதும் முன்பே அந்த நோயோடு வாழ்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும். அதற்கான சம்பளத்தைத் தயாரிப்புச் செலவிலேயே ஒதுக்க வேண்டும். விமர்சனம் எழுதுகிறவர்கள் கிராஃபிக்ஸுக்கும் ஒலிக்கும் மதிப்பெண் போடுவதோடு நிற்காமல், நோயாளியை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். காப்பகத்தைக் களமாக எடுக்கிறவர்கள் அங்கே வாழ்ந்தவர்களின் கடிதங்களை முதலில் படிக்க வேண்டும். சிறு குழுவான எல்.கே.ஏ.வால் இதைச் செய்ய முடிந்தது. பெரிய நிறுவனங்களால் முடியாது என்பதற்குக் காரணமே இல்லை.