சீட்டு மட்டும் மலையேறினால் போதுமா?

“மலைக்காரங்க சொன்னா கேட்க மாட்டாங்க. பாதியிலேயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. தையல் பிரிக்கக்கூட வர மாட்டாங்க.” ஜவ்வாது மலை போன்ற இடங்களிலிருந்து வரும் நோயாளிகளைப் பற்றிச் சமவெளியில் சாதாரணமாகப் புழங்கும் பேச்சு இது. படித்தவர்களும் நம்புகிறார்கள். நம்புவது வசதியாக இருக்கிறது. பழி முழுவதும் நோயாளி தலையில் விழுந்துவிடுகிறதே!

‘பத்து நாள் கழித்து வரவும்’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத அரை நிமிடம் ஆகும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் இருப்பவர் அதை நிறைவேற்ற, பேருந்து வரும் இடம்வரை நடந்து, போளூருக்கோ வேலூருக்கோ மலையிறங்க வேண்டும். அவருடைய கூலியும் போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். சாமை அறுப்பு நேரமென்றால் துணைக்கு ஆளே கிடைக்காது. வயிற்றில் தையலோடு வீடு திரும்பும் பெண்ணிடம் “கனமாக எதையும் தூக்காதே” என்கிறார்கள். தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது என்று கேட்பதில்லை.

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், சாலை இல்லாததால் பாதி வழியில் இறக்கிவிட்டுத் திரும்பியது. பெற்ற தாய் குழந்தையின் உடலைச் சுமந்து பல கிலோமீட்டர் மலையேறினாள். ஆஷா பணியாளரை அழைத்திருந்தால் முதலுதவி கிடைத்திருக்கும், குடும்பத்தார் அழைக்கவில்லை என்று மாவட்ட நிர்வாகம் விளக்கம் சொன்னது.

அங்கேயும் அதே குற்றச்சாட்டுத்தான்!

பிரசவித்த தாயையும் சேயையும் இலவசமாக வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் அதற்கு ‘102’ என்ற எண்ணில் அழைக்கும் வண்டி இருக்கிறது. ஆனால் தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியும் நின்றுவிடும். விதிப்படி அதுதான் ‘வீடு’.

மலை மக்கள் கேட்க மாட்டார்கள் என்பவர்கள் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சிட்டிலிங்கிக்குப் போய்ப் பார்க்கட்டும். டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியராகவும் கிராம நலப் பணியாளராகவும் ஆக்கினார்கள். ஜவ்வாது மலையில் வாழும் அதே மலையாளி பழங்குடியினர்தான் அங்கேயும் நோயாளிகள். சொல்பவர் தம் ஊர்க்காரராக, தம் வாசலுக்கே வருபவராக இருந்தபோது கேட்டார்கள்.

அரசுக்கும் இது தெரியாததல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறது. அதே கைகள் அறுவை சிகிச்சை முடிந்து மலையேறியவரின் கட்டையும் மாற்றலாம். அதற்கு, டிஸ்சார்ஜ் செய்யும் நாளிலேயே நோயாளியின் விவரம் மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயாக வேண்டும். எப்படிப் போவீர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள், மருந்து தீர்ந்தால் எங்கே வாங்குவீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதாமல் எந்த டிஸ்சார்ஜ் சீட்டிலும் மருத்துவர் கையெழுத்திடக் கூடாது என்று சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.