நோய் தடுக்கும் நல்லுயிர்கள்

கிருமியென்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நோயை நினைந்து அஞ்சுதல் நம்மவர் இயல்பு. ஆயினும், பாலைத் தயிராக்குவதும் ஒருவகை நுண்ணுயிரே யன்றோ? அத்தகைய நல்லுயிர்களைக் கொண்டு இறாலின் நோயைத் தடுக்கும் முறை இன்று நம் கடற்கரைப் பண்ணைகளிற் பரவியுள்ளது.

விப்ரியோ என்னுங் கிருமி குளத்திற் பெருகின், இறால்கள் கூட்டங்கூட்டமாய் மடிதலுண்டு. முன்னர் இதற்குக் குளோரம்பெனிகால் முதலிய மருந்துகளைச் சிலர் இட்டனர். கிருமிகள் மருந்திற்குப் பழகி வலிமை பெறுதலானும், உண்போர்க்குத் தீங்கு நேருமாதலானும் அவை இறால் வளர்ப்பில் விலக்கப்பட்டன. பேசில்லஸ் என்னும் நல்லுயிரோ, விப்ரியோவிற்குரிய உணவையும் இடத்தையுந் தான் கைக்கொண்டு அதனை அடக்குகின்றது. குளத்தடியிற் படியும் எஞ்சிய தீனியையுஞ் சிதைக்கின்றது. கோடம்பாக்கத்திற்குச் சேய்மையிலன்றிச் சாந்தோம் நெடுஞ்சாலையில் அமைந்ததும், 1987-இல் நிறுவப்பெற்றதுமான மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், குளத்து அம்மோனியாவைக் குறைக்கும் ‘சிபாமாக்ஸ்’ என்னும் நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியுள்ளது.

இவற்றை நாம் வரவேற்கின்றோம். ஆனால், எந்நோயையும் இவை தீர்க்குமெனக் கூறி விற்பதை ஒப்போம். 1994-ஆம் ஆண்டையொட்டி நம் பண்ணைகளைப் பாழாக்கிய வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து இன்றுமில்லை. நோயற்ற குஞ்சும், அளவான இருப்பும், தூய நீருமே அதற்குக் காப்பு. கடன்பட்டுக் குளம் வெட்டியவன் பொட்டலத்தை நம்பி இவற்றைக் கைவிடின், வெறுங்குளமுங் கடனுமே எஞ்சும்.

ஆதலின், எவ்வுயிர், எவ்வளவு, எந்நோய்க்கு என்பவற்றை விற்போர் பொட்டலத்தின்மேல் தெளிவாய்ப் பொறித்தல் வேண்டும். அறிவியல் பயிலும் நம் மாணவரும் விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இவ்வுண்மையை இறால் வளர்ப்போர்க்கு எடுத்துரைப்பாராக.