கூலி யார்?

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

அறிவியல் பயிலும் நமக்கு ஆங்கிலம் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் பாடம். ஆயினும், எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் ஒருநாள் சொன்ன செய்தி என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 'வில்லன்' என்ற சொல்லுக்கு முதற்பொருள் கொடியவன் அன்று. பண்ணையில் உழைப்பவன் என்பதே! பண்ணை வீட்டைக் குறிக்கும் 'வில்லா' என்னும் இலத்தீன் சொல்லே அதன் வேர். உழவனைக் குறித்த சொல் நாளடைவில் நாகரிகமற்றவனைக் குறித்து, இறுதியில் கயவனுக்கு உரியதாயிற்று. பணியாளைக் குறித்த 'நைட்' என்ற சொல்லோ, குதிரையேறிப் போரிட்டோரைச் சார்ந்து உயர்ந்துவிட்டது. ஏர் பிடித்தவன் செய்த குற்றந்தான் என்ன?

நம் சொல்லொன்றுக்கும் இக்கதி நேர்ந்தது. திருக்குறளின் 619ஆம் குறளில் முயற்சியின் பயனையே வள்ளுவர் கூலி என்கிறார். செம்பரம்பாக்கம் ஏரிப் பாசன வயலில் நாற்று நட்டு, கூலியாக நெல் அளந்து வாங்கியவள் என் பாட்டி. அவளுக்குக் கூலி என்பது மடியில் வாங்கும் பொருள். ஆங்கிலத்திலோ அது ஆளின் பெயராயிற்று. குஜராத்தின் கோலி இனப்பெயரும் அதில் கலந்திருக்கலாம் என்பர் அறிஞர். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குச் சென்றோர் 'கூலிகள்' எனப்பட்டனர். 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளையும் 'கூலி பாரிஸ்டர்' என்றே அழைத்தனர். உழைப்பின் ஊதியம் வசைச்சொல்லாகி நம்மிடமே திரும்பியது!

இது பழங்கதை என்று ஒதுக்கலாமா? என் அண்ணன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பெண் பார்க்கச் சென்ற இடத்தில் அவர்கள் கேட்ட முதற்கேள்வி: "மாப்பிள்ளை பர்மனென்டா, காண்ட்ராக்டா?" அண்ணன் தலைகுனிந்தான். 'காண்ட்ராக்ட்' என்பதன் இலத்தீன் வேருக்குச் 'சேர்த்து இழுத்தல்' என்று பொருள். இருவரைச் சேர்க்க வந்த சொல், ஒரே இயந்திரத்தின்முன் நிற்போரைப் பிரிக்கிறது. தாளில் இருக்கவேண்டிய சொல் மனிதன்மேல் ஒட்டிக்கொண்டது.

சொல் தானாகத் தாழ்வதில்லை நண்பர்களே! உழைப்பவனைத் தாழ்வாக எண்ணும் சமுதாயமே அவன் பெயரையும் தாழ்த்துகிறது. நாளை நம்மிற் பலர் மேற்பார்வையாளராகவும் அதிகாரிகளாகவும் அத்தொழிற்சாலைகளுக்குள் நுழைவோம். "இரண்டு காண்ட்ராக்டை அனுப்பு" என்று நாமும் சொல்லப்போகிறோமா? ஆளைப் பெயர் சொல்லி அழைப்போம். கூலியைக் கையில் கொடுப்போம், தலையில் ஒட்டவேண்டாம். என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். இரண்டாண்டுப் படிப்பில் நான் கற்ற பெரும்பாடம் இதுவே.