நாம் எடுத்துக் கொடுக்கும் சொற்கள்

ரிச்சர்ட் ஹக்கள் என்னும் பெயரை நம்மில் பலர் மறந்திருப்போம். இங்கிலாந்து நாட்டவன். 2006 முதல் 2014 வரை மலேசியாவில், குறிப்பாகக் கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களிடையே, ஆங்கிலம் கற்பிப்பவனாகவும் புகைப்படக்காரனாகவும் தேவாலயத் தொண்டனாகவும் பழகியவன். 2014 டிசம்பரில் இலண்டன் கேட்விக் விமான நிலையத்தில் பிடிபட்டான். சிறார்களுக்கு எதிரான 71 குற்றங்களை ஒப்புக்கொண்டான். 2016இல் அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2019இல் சிறையில் கொல்லப்பட்டான்.

அவனுடைய செயல்களை இங்கே விவரிக்கப் போவதில்லை. அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதுதான் என்னை உறுத்துகிறது. தன்னைப் போன்றோருக்கென ஒரு கையேடு எழுதிக்கொண்டிருந்தான். அதில் அத்தகையோரைக் 'குழந்தை நேசர்' என்றே குறிப்பிட்டான். பிள்ளைகள் தன்மீது காட்டிய பாசத்தைத் தவறாக எடைபோட்டுவிட்டதாக நீதிமன்றத்தில் கூறினான். கணக்கற்ற சாக்குகளில் இதுவும் ஒன்றல்ல. எல்லாச் சாக்குகளுக்கும் இதுவே தாய்.

1980களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஜீன் ஏபல் இத்தகைய குற்றவாளிகளின் எண்ணங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். பிள்ளை எதிர்க்கவில்லையா, அப்படியானால் அதற்கும் விருப்பம். வெளியே சொல்லவில்லையா, அப்படியானால் பாதிப்பில்லை. நான் செய்வது ஒருவகைப் பாடம். சிறுபிள்ளை, நாளடைவில் மறந்துவிடும். அச்சத்தில் உறைந்த குழந்தையின் மௌனத்தை இவர்கள் சம்மதமாக மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். மனசாட்சி இல்லாததால் மட்டும் இது நிகழ்வதில்லை. மனசாட்சி உறுத்துவதனால்தான் அதற்குச் சமாதானம் தேவைப்படுகிறது.

பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே, அந்தச் சமாதானங்களை மீண்டும் ஒருமுறை படியுங்கள். எங்கோ கேட்டவை போலில்லையா? "சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்." "இவள்தான் மாமா மடியில் போய் ஒட்டிக்கொள்வாள்." "நமக்கு எவ்வளவு உதவி செய்த மனிதர்!" டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீடுகளிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் இவை ஒலிக்கின்றன. குற்றவாளி தன் சாக்குகளைப் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. நம் வாயிலிருந்தே எடுத்துக்கொள்கிறான். அவனும் பெரும்பாலும் அயலானல்லன். ஹக்களைப் போல் வெள்ளைக்காரனாக இருந்தால் செய்தியாகிறது. சித்தப்பாவாக இருந்தால் குடும்ப மானமாகிவிடுகிறது.

சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. ஹக்கள் வழக்குக்குப் பின் வந்த 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டம், நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர் குற்றமிழைத்தால் கூடுதல் தண்டனை விதிக்கிறது. உறவினர், பராமரிப்பாளர், ஆசிரியர் அனைவரும் அதில் அடக்கம். (ஆம், நம்மையும் சேர்த்துத்தான்.) வேறு சான்று இல்லாவிடினும் பிள்ளையின் சாட்சியத்தைக் கொண்டே நீதிமன்றம் தண்டிக்கலாம். தெரிந்தும் காவல் துறையிடம் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. "ஆதாரம் எங்கே?" என்று பிள்ளையை மடக்கும் பெரியவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் பற்றிக் கற்பிக்கிறோம். நல்லதே. ஆனால் ஆறு வயதுக் குழந்தையிடம் "நீ கத்து, ஓடு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கைகட்டி நிற்பது நியாயமன்று. ஓடாத குழந்தை, கத்தாத குழந்தை, பிறகு தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், பரிசுப் பொருள் கொடுத்துத் தனியே அழைத்துச் செல்லும் 'நல்லவர்'களைப் பற்றியும் பேசலாமே. ஐயமிருப்பின் காவல் நிலையம் உள்ளது. தாலியான் காசே எண் 15999 உள்ளது.