தாதியும் தாலியும்

சென்ற வாரம் மயிலாப்பூர் மாட வீதியில் போய்க்கொண்டிருந்தபோது, என்னிடம் வாசித்த ஒரு பெண்ணும் அவள் தாயாரும் எதிர்ப்பட்டார்கள். பெண் நர்ஸுப் படிப்பு முடித்தவள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில்தான் சேருவேன் என்று பிடிவாதமாய் இருக்கிறாளாம். "ஸார், உங்களிடம் படித்தவள்தானே? கல்யாணம் ஆகவேண்டிய பெண் பட்டாளத்துக்குப் போகலாமா? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றாள் அந்த அம்மாள்.

கவலை நியாயமானதுதான். நம் தேசத்து ராணுவத் தாதியர் படையின் சரித்திரம் 1888-ம் வருஷம் மார்ச் மாதத்தில், இங்கிலாந்திலிருந்து பத்தே தாதியர் பம்பாயில் வந்து இறங்கியதோடு தொடங்கியது. 1976-ல் ஜி. ஏ. ராம் என்ற தாதி மேஜர் ஜெனரல் பதவி பெற்றார். பாரத ராணுவத்தில் அப்பதவியை எய்திய முதல் பெண்மணி அவரே. இத்தகைய கீர்த்தி வாய்ந்த படைக்கு 1977-ல் ஒரு விதி ஏற்பட்டது. என்னென்ன காரணங்களால் ஒரு தாதியின் உத்தியோகத்தை முடிக்கலாம் என்று அது ஜாபிதா போட்டது: தேக அசௌக்கியம், விவாகம், துர்நடத்தை! நோய்க்கும் குற்றத்துக்கும் நடுவே மாங்கல்யத்தை உட்கார வைத்துவிட்டார்கள்.

1995-ல் அந்த விதி ரத்தாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1988-ல், மணம் செய்துகொண்ட காரணத்துக்காக லெப்டினெண்டாக இருந்த ஒரு தாதி விலக்கப்பட்டார். 2024 பிப்ரவரியில் ஸுப்ரீம் கோர்ட்டு அச்செய்கை அநீதியென்று தீர்ப்பளித்து, அவருக்கு 60 லக்ஷம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. பணத்தைக் கொடுத்துவிடலாம். அவர் பேணியிருக்க வேண்டிய நோயாளிகளையும், பழக்கியிருக்க வேண்டிய இளந் தாதியரையும் யார் கொடுப்பது?

தாதியர் வேலையில் நிலைப்பதில்லை என்று குறைப்படுவது எங்கும் உண்டு. சம்பளம் ஒன்றே காரணமன்று. பள்ளிக்கூடத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். செய்த வேலையைக் கவனித்து நல்ல வார்த்தை ஒன்று சொல்லும் தலைமை ஆசிரியரிடம், அரை வயிற்றுக் கஞ்சி குடித்தும் உபாத்தியாயர்கள் நிலைத்திருப்பார்கள். இரவு முறையைப் பாரபட்சமின்றிப் பங்கிட்டு, குறைகளைக் காது கொடுத்துக் கேட்கும் மேட்ரனை விட்டுப் போக எந்தத் தாதிக்கு மனம் வரும்?

சர்க்கார் விதி ஒழிந்தது. வீட்டு விதி ஒழிந்ததா? "கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாள் அல்லவா?" என்று வரன் பேசும்போதே கேட்பது யார்? தியாகராய நகரிலும் அடையாற்றிலும் கூடத்தில் உட்கார்ந்து காபி அருந்தும் நாம்தானே!

ஆகையால் அந்த அம்மாளிடம் சொன்னேன்: "பெண்ணைத் தடுக்காதீர்கள், அம்மா. வேலையை விடச் சொல்லாத மாப்பிள்ளையாகப் பாருங்கள். உங்களுக்குப் பிள்ளையும் இருக்கிறான். நாளைக்கு வரும் மருமகளுக்கும் இதே நியாயத்தைச் செய்யுங்கள்."