படகு கரையேறிய பிறகு

பாய்மரப் படகில் ஊர் சுற்றும் தம்பதிகளின் காணொளிகளுக்கு நம் வீடுகளிலும் ரசிகர்கள் இருக்கிறார்கள். நீலக்கடல், கிரேக்கத் தீவு, கையில் காப்பிக் கோப்பை. வானொலி நிகழ்ச்சிக்கு அழைத்த ஒரு நேயர், ஓய்வுபெற்றதும் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தானும் கணவரும் அப்படிக் கிளம்பிவிடலாமா என்று கேட்டார். பாதி கேலி, பாதி ஏக்கம்.

கிளம்பலாம். ஆனால் அந்த வாழ்க்கையில் பாதி நாள் கடலில் கழிவதில்லை, பழுதுபார்க்கும் பட்டறையில் கழிகிறது. உப்புநீரில் மிதக்கும் படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்ளும், வேகம் குறையும். அதனால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பாரந்தூக்கியால் தூக்கி, கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதுவரை தம்பதி குடியிருப்பது அந்தப் படகில்தான், ஏணி வைத்து ஏறி! தொட்டியில் பாத்திரம் கழுவினால் தண்ணீர் நேரே தரையில் கொட்டும். கழிவறைக்கு நள்ளிரவிலும் ஏணியில் இறங்கிப் பட்டறை முனைக்கு நடக்க வேண்டும். இயந்திரத்துக்கான உதிரிபாகம் 'அடுத்த வாரம்' வரும். அது இத்தாலியாகவும் மாதம் ஆகஸ்டாகவும் இருந்தால், ஊரே விடுமுறையில் போயிருக்கும்.

இதில் விசா சிக்கல் வேறு. நம் சிங்கப்பூர் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் விசா தேவையில்லை. ஆனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரின் படகோ வரி கட்டாமல் 18 மாதம் நிற்கலாம். படகுக்குக் கிடைக்கும் சலுகை படகுக்காரருக்கு இல்லை! அதனால்தான் பலர் துருக்கிக்கோ துனீசியாவுக்கோ போய் நாள்கணக்கைச் சரிசெய்கிறார்கள்.

நம்மவரில் இப்படி யாராவது போயிருக்கிறார்களா என்று தேடினால், தம்பதி இல்லை, இரு தோழியர் இருக்கிறார்கள். இந்தியக் கடற்படையின் புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். எட்டு மாதத்தில் 25,000 கடல்மைலுக்கு மேல் ஓட்டி உலகைச் சுற்றித் திரும்பினார்கள். பசிபிக்கில் 'பாயின்ட் நீமோ'வைக் கடந்தபோது, எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலம் 2,600 கிலோமீட்டருக்கு அப்பால். படகில் மூன்றாவது ஆள் இல்லை. அவர்களும் 2025 ஏப்ரலில் கேப்டவுனில் இரண்டு வாரம் படகைப் பராமரிப்புக்கு விட்டுக் காத்திருந்துதான் கடைசிக் கட்டத்தைத் தொடங்கினார்கள். இதே படகு 2018இல் ஆறு பெண்களோடு உலகைச் சுற்றியபோது, சுக்கான் பழுதாகி, திட்டத்திலேயே இல்லாத மொரிஷியசில் ஒதுங்க வேண்டியிருந்தது. வீடு நெருங்கும் நேரத்தில் வந்த தடை. சாகசம் என்று நாம் கைதட்டும்போது இந்த நாள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன்.

சரி, கப்பல் காத்திருக்கும்போது பழுதுபார்ப்பது யார்? அந்தக் கேள்விக்கு நாம் மத்தியதரைக்கடலுக்குப் போகவேண்டாம், செம்பவாங் போதும். அங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், தண்ணீரை வெளியேற்றிக் கப்பலின் அடியில் வேலை செய்யும் பெரிய டாக் 1938 பிப்ரவரி 14ஆம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் திரளாக வேலை பார்த்த இடம். 1968இல் அது செம்பவாங் கப்பல் பட்டறையானது. இதைப் படிக்கும் சிலரின் தாத்தா அங்கே சம்பளம் வாங்கியிருப்பார்.

இன்று அந்த வேலை பெரும்பாலும் துவாஸ் பக்கம் நடக்கிறது. வெல்டிங், பெயிண்ட், சாரம் கட்டும் வேலைகளில் தமிழ்நாட்டு ஊழியர்கள் ஏராளம். 'வொர்க் பெர்மிட்'டில் வருபவர் மனைவியை இங்கே அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. கப்பல்காரர் சில வாரம் காத்திருந்தால் கிளம்பிவிடுவார். அதைச் சரிசெய்பவரின் மனைவி பட்டுக்கோட்டையில் காத்திருப்பது இரண்டு ஆண்டு, சில வேளை அதற்கும் மேல்.

தேக்காவில் ஒரு ஞாயிறு மாலை அப்படி ஒரு தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் அவர் வேலை பார்த்த கப்பல் முடிந்து கடலுக்குப் போயிருந்தது. அதைக் காட்டச் சொல்லி வீட்டில் கேட்கிறார்களாம். பட்டறைக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை என்றார். அதற்குள் ஊரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கைப்பேசியைத் திருப்பிப் பூக்கடையையும் கூட்டத்தையும் காட்டத் தொடங்கினார்.