மலை தாண்டிப் போய்க் கேட்ட பாட்டு

பிடித்த பாடகர் ஊருக்கு வருகிறார் என்றால் என்ன செய்வோம்? டிக்கெட் வாங்குவோம், பஸ்ஸோ ரயிலோ பிடிப்போம், கேட்டுவிட்டு வீடு திரும்புவோம். 1988 அக்டோபரில் சிலி நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஒரு கச்சேரிக்காக ஆண்டிஸ் மலையையே தாண்டினார்கள். தலைநகர் சாண்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் மெண்டோசா நகருக்குச் சாலை வழியாகச் சுமார் 360 கிலோமீட்டர். நடுவில் மலையும் இருக்கிறது, நாட்டின் எல்லையும் இருக்கிறது. சர்வாதிகாரி பினோசெட் ஆட்சியில் அந்தக் கச்சேரியைச் சிலிக்குள் நடத்த வழியில்லை. அதனால் பக்கத்து நாட்டில், எல்லைக்குக் கிட்டத்தில் மேடை போட்டார்கள்.

அப்படி என்ன கச்சேரி அது?

1948 டிசம்பர் 10-ம் தேதி ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 40-வது ஆண்டையொட்டி, ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு ஓர் உலக இசைப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், செனகல் நாட்டின் யூசூ இன்தூர் ஆகிய ஐவரும் அவர்களுடைய இசைக் குழுவினரும் புறப்பட்டார்கள். செப்டம்பர் 2 லண்டனில் தொடக்கம். அக்டோபர் 15 புவனோஸ் அயர்ஸில் முடிவு. ஆறு வாரம், 15 நாடுகள், 20 கச்சேரிகள். பாரிஸ், புடாபெஸ்ட், டொரான்டோ, டோக்கியோ என்று விமானம் ஓடிக்கொண்டே இருந்தது. கிளம்பியபோது வடக்கே இலையுதிர்காலம் தொடங்கிக்கொண்டிருந்தது; முடித்த இடத்தில் வசந்தம்!

இதில் டிரேசி சாப்மனுக்கு அப்போது 24 வயது. முதல் ஆல்பம் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அதே ஜூனில், நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்தநாளையொட்டி லண்டனில் நடந்த கச்சேரியில் அவர் பாடி முடித்திருந்தார். அடுத்து வரவேண்டிய ஸ்டீவி வொண்டருக்கு இசைக் கருவியில் சிக்கல். மேடை காலியாக இருக்கக்கூடாதே என்று டிரேசியை மறுபடி அனுப்பினார்கள். கையில் ஒரே ஒரு கிதார். அன்றைக்கு டி.வி.யில் பார்த்த உலகம் அவரைத் தெரிந்துகொண்டது.

பயணம் இந்தியாவுக்கும் வந்தது. செப்டம்பர் 30, டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். நம் பக்கத்திலிருந்து மேடையேறியவர் பண்டிட் ரவிசங்கர். அவருக்கு இது புதிதல்ல. 1971-ல் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் கச்சேரி நடத்தலாம் என்று ஜார்ஜ் ஹாரிசனிடம் பேசி, அதை நடத்தியும் காட்டியவர் அவர்.

இந்தியாவுக்கு இன்னொரு சம்பந்தமும் உண்டு. அந்தப் பிரகடனத்தைத் தயாரித்த குழுவில் இருந்த பெண்மணி ஹன்சா மேத்தா. பிறப்பால் எல்லோரும் சமம் என்று சொல்லும் முதல் விதியில், ‘ஆண்கள்’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. அதை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தவர் அவர்தான். ஒரு சொல்தானே என்று அவர் விட்டுவிடவில்லை.

அந்தப் பிரகடனத்தைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டு, கச்சேரிக்கு வந்தவர்களிடம் கொடுத்தார்கள். மொத்தம் 30 விதிகள். சட்டைப் பையில் அடங்கிவிடும். இசை கேட்க வந்தவர் தன் உரிமைகளின் பட்டியலோடு வீடு திரும்பினார்.

சரி, பாட்டுப் பாடினால் சர்வாதிகாரம் போய்விடுமா? பணக்காரப் பாடகர்கள் விமானத்தில் வந்து இறங்கி இரண்டு மணி நேரம் பாடிவிட்டுப் போனால், சிறையில் இருப்பவருக்கு என்ன லாபம்? நியாயமான கேள்விதான். பயணத்தின் நஷ்டத்தைக்கூட ஒரு பெரிய ஷூ கம்பெனியின் அறக்கட்டளைதான் தாங்கியது.

பதிலை மேடையில் தேடினால் கிடைக்காது. கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 7, ஜிம்பாப்வேயின் ஹராரே. பக்கத்து நாடான தென்னாப்பிரிக்காவில் அப்போது நிறவெறி ஆட்சி. மண்டேலா இன்னும் கைதி. ஹராரே கூட்டத்தில் கணிசமானவர்கள் எல்லை தாண்டி வந்த தென்னாப்பிரிக்க வெள்ளை இளைஞர்கள். போலீஸ் காவலில் 1977-ல் இறந்துபோன கறுப்பினப் போராளி ஸ்டீவ் பிக்கோவைப் பற்றி பீட்டர் கேப்ரியல் பாடினார். சொந்த நாட்டில் பக்கத்தில் உட்காரக்கூட வழியில்லாத கறுப்பின மக்களோடு தோள் உரசி நின்று, அந்த இளைஞர்கள் அதைக் கேட்டார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 5 அன்று, சிலியில் வாக்கெடுப்பு. பினோசெட் இன்னும் எட்டு ஆண்டு தொடரலாமா, வேண்டாமா? ‘வேண்டாம்’ அணிக்கு டி.வி.யில் கிடைத்தது தினமும் 15 நிமிடம், 27 நாள். அந்த நேரத்தை அவர்கள் அழுகையால் நிரப்பவில்லை. பாட்டும் சிரிப்புமாகவே நிரப்பினார்கள். சுமார் 56 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள்.

ஒன்பது நாள் கழித்து மெண்டோசா கச்சேரி. மலை தாண்டி வந்தவர்கள் முகத்தில் எப்படிப்பட்ட களை இருந்திருக்கும்! மேடையில் சிலி நாட்டின் ‘இன்டி இல்லிமானி’ குழுவும் இருந்தது. 1973-ல் அவர்கள் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில வாரக் கச்சேரிப் பயணம் 15 ஆண்டு நாடு கடந்த வாழ்க்கையானது. 1988 செப்டம்பரில்தான் தாய்மண்ணை மிதித்தார்கள். அடுத்த மாதமே இந்த மேடை.

சிலியில் ‘குவேக்கா’ என்றொரு ஜோடி நடனம் உண்டு. ராணுவம் இழுத்துப்போய்த் திரும்பி வராத கணவனின், மகனின் படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு, பெண்கள் அதைத் தனியாக ஆடினார்கள். அவர்களைப் பற்றித்தான் ஸ்டிங் ‘தே டான்ஸ் அலோன்’ பாட்டை எழுதினார். மறுநாள் புவனோஸ் அயர்ஸில் அவர் அதைப் பாடியபோது, அர்ஜென்டினாவின் தாய்மார்கள் மேடையேறினார்கள். 1977 முதல் தலையில் வெள்ளைத் துணி கட்டி, வாராவாரம் வியாழக்கிழமை பிளாசா டி மாயோ சதுக்கத்தைச் சுற்றி வந்து, “எங்கள் பிள்ளைகள் எங்கே?” என்று கேட்டவர்கள் அவர்கள். பாடகர்கள் அவர்களோடு சேர்ந்து ஆடினார்கள். தனியாக ஆடும் நடனத்துக்கு அன்று துணை கிடைத்தது.

ஆட்சியை மாற்றியது ஓட்டு. அதற்கு முன்பே வருடக்கணக்கில் தெருவில் நின்றவர்கள் அந்தப் பெண்கள். ‘நீ தனி ஆள் இல்லை’ என்று அவர்களிடம் சொல்லப் பாட்டால் முடிந்தது. பயந்துகொண்டு வீட்டுக்குள் இருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

1990 மார்ச்சில் பினோசெட் அதிபர் நாற்காலியிலிருந்து இறங்கினார். அதே அக்டோபரில் ஸ்டிங்கும் பீட்டர் கேப்ரியலும் மறுபடி வந்தார்கள். இந்த முறை மேடை, சாண்டியாகோ தேசிய ஸ்டேடியத்தில். 1973-ல் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த அதே இடம். கேட்க வந்தவர்கள் யாரும் மலை ஏற வேண்டியிருக்கவில்லை. டவுன் பஸ்ஸே போதுமானதாக இருந்தது.